வெளிச்சத்துக்குக் காசு கொடுப்போம்!

(மூன்றாமாண்டு மின்னியல் மாணவி எழுதுவது)



நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே பார்க்கத் தகுந்தது எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான் நடக்கும்! வெயில் அப்படி. முளைப்பாரி தூக்குவது அந்திக்கு மேல். அக்கினிச்சட்டி எடுத்து ஊரைச் சுற்றி வருவது ராத்திரி. கரகாட்டம் பத்து மணிக்கு மேல். வள்ளி திருமணம் நாடகம் என்றால் விடிய விடிய. கல்யாணமோ, கோழி கூப்பிடும் முன்னே முகூர்த்தம். ஆக, நம்ம மக்களின் வாழ்க்கையைப் படம் பிடிக்க நினைக்கிற எவருக்கும் கிடைக்கும் வெளிச்சம் டியூப் லைட்டும் சீரியல் பல்பும்தான்.

இப்போது நம்மில் பலர் கையில் கேமரா வந்துவிட்டது. அண்ணன் வாங்கிக் கொடுத்தது, செகண்ட் ஹேண்டில் பிடித்தது, லீவில் வேலை பார்த்துச் சேர்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. நான் கேட்டுப் பார்த்த வரையில் பெரும்பாலும் கேனான் அல்லது நிக்கான். எல்லாமே கிராப் சென்சார் கேமரா. அதோடு கூட வந்த சின்ன லென்ஸ் ஒன்று. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் ஒரே ஆசை வருகிறது: "பெரிய ஜூம் லென்ஸ் ஒண்ணு வாங்கணும்!" அந்த ஆசையில் எந்த லென்ஸை வாங்குவது, எதை வாங்கக் கூடாது, யார் வாங்குவது என்பதைப் பற்றி என் கருத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் வீடுகளில் பத்தாயிரம் ரூபாய் என்பதே பெரிய பணம். லென்ஸோ லட்சத்தைத் தொடுகிற சங்கதி. எனவே விளையாட்டாகப் பேசுகிற விஷயம் அல்ல இது.

முதலில் கிராப் சென்சார் என்றால் என்ன? பழைய ஃபிலிம் ஒரு கட்டம் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். அதே அளவில் சென்சார் இருந்தால் ஃபுல் ஃபிரேம். நம்ம கேமராவில் சென்சார் அதைவிடச் சின்னது. நிக்கானில் சுமார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், கேனானில் இன்னும் கொஞ்சம் குறைவு. பெரிய சிலிக்கான் சில்லு செய்வதற்குச் செலவு அதிகம் என்பதால் டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் சின்னதாகச் செய்தார்கள். 1999-ல் வந்த நிக்கான் டி1 இப்படித்தான். 2003-ல் வந்த கேனான் 300டி, ஆயிரம் டாலருக்குக் கீழே விற்றுச் சாதாரண ஆட்களிடமும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவைக் கொண்டு சேர்த்தது. சென்சார் சின்னது என்பதால் லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டும் பதிவாகும். 200 மி.மீ. லென்ஸ் நிக்கானில் 300 போலவும், கேனானில் 320 போலவும் தெரியும். "ஆகா, இலவசமா தூரம் கிடைக்குதே!" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அதில் தப்பில்லை.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நம்ம கேமராவுக்கென்றே அளவெடுத்த வேகமான ஜூம் லென்ஸை, அதாவது 50-லிருந்து 150 வரை போகிற எஃப் 2.8 லென்ஸை, எஸ்.எல்.ஆர். காலத்தில் கேனானும் செய்யவில்லை, நிக்கானும் செய்யவில்லை. சிக்மா 2006-ல் 50-150 ஒன்று கொண்டுவந்தது. அதே வருஷம் டோக்கினா 50-135 அறிவித்தது. பென்டாக்ஸ் 2007-ல். ஃபியூஜிஃபில்ம் 2014-ல் தன் கேமராவுக்கு 50-140 செய்தது. சிக்மா, டோக்கினா லென்ஸ்களின் உற்பத்தி நின்று போனது. மற்றபடி பெரிய கம்பெனிகளின் எண்ணம் என்ன? "நல்ல லென்ஸ் வேண்டுமா? ஃபுல் ஃபிரேமுக்குச் செய்த 70-200-ஐ வாங்கிக்கொள்." பந்தியில் நமக்கு இடம் உண்டு, இலை மட்டும் அடுத்தவருக்குப் போட்டது! வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. கிடைத்த இலையில் எப்படிச் சாப்பிடுவது என்று கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வேகம் என்றால் என்ன என்று பார்ப்போம். லென்ஸுக்கு ஏது வேகம்? ஓடவா போகிறது? வெளிச்சத்தை அதிகமாக உள்ளே விடுவதால் ஷட்டரை வேகமாக மூட முடிகிறது. அதனால்தான் அந்தப் பெயர். 200 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 என்றால் 200-ஐ 5.6-ஆல் வகுக்க வேண்டும்: வெளிச்சம் நுழையும் வாயின் விட்டம் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். எஃப் 2.8 என்றால் 71 மில்லிமீட்டர். விட்டம் இரண்டு மடங்கு. பரப்பு நான்கு மடங்கு. ஒரு இஞ்ச் குழாயையும் ரெண்டு இஞ்ச் குழாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 5.6-ல் அறுபதில் ஒரு பங்கு வினாடி திறந்து வைக்க வேண்டிய இடத்தில், 2.8-ல் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு போதும். கும்மி அடிக்கும் கை ஒன்றில் புகையாகத் தெரியும். இன்னொன்றில் விரல் விரலாகத் தெரியும்.

இங்கேதான் கடைத்தெருவில் ஒரு குழப்பம். லென்ஸ் பெட்டியில் பெரிதாகத் தெரிவது தூரத்தைக் காட்டும் எண். 250! 300! 600! வெளிச்சத்தைக் காட்டும் எண் ஓரத்தில் சின்னதாக இருக்கும். தூரத்துக்கான கண்ணாடி மலிவு. வெளிச்சத்துக்கான கண்ணாடிதான் விலை. கேனான் 55-250-ன் எடை 375 கிராம். கேனானின் 70-200 எஃப் 2.8 ஐ.எஸ். இரண்டாம் வகை 1490 கிராம். நாலு மடங்கு எடைக்குக் காரணம் அந்த 71 மில்லிமீட்டர் வாய்தான். எனவே உங்கள் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். என் வாதத்தின் சாரம் இதுதான்: நம்ம சீமைக்காரன் லென்ஸ் வாங்கும்போது தூரத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது, வெளிச்சத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

என் சித்தப்பா திருச்சுழிப் பக்கம் கல்யாணப் போட்டோ எடுக்கிறவர். லீவு நாட்களில் நான் அவரோடு போய் லைட் பிடிப்பேன்; பேட்டரி மாற்றிக் கொடுப்பேன். அவர் இந்த வாதத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏன் பாப்பா, ஐ.எஸ்.ஓ.வை ஏத்திக்கிட்டாப் போச்சு. எதுக்கு ஒண்ணரைக் கிலோ இரும்பைத் தூக்கணும்?" என்றார்.

"ஏத்தலாம் சித்தப்பா. நீங்க 12,800-ல எடுக்கிற இடத்துல அந்த லென்ஸ் இருந்தா 3,200-ல எடுக்கலாமே. முகத்துல புள்ளி புள்ளியா வர்றதை நீக்கப் போயி, முகமே மெழுகு பொம்மை மாதிரி ஆகுதுல்ல?"

"அப்ப ஃபிளாஷ் போடு."

"மேடையில இருந்து நம்ம பதினஞ்சு மீட்டர் தள்ளி நிக்கிறோம். கேமராவுல இருக்கிற ஃபிளாஷ் அவ்வளவு தூரம் போகுமா?"

சித்தப்பா சிரித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம கேமராக்களில் உள்ள ஃபிளாஷுக்கு கைடு நம்பர் சுமார் 12. எஃப் 5.6-ல், ஐ.எஸ்.ஓ. 100-ல், இரண்டு மீட்டர் தாண்டாது. ஐ.எஸ்.ஓ. 1600-க்கு ஏற்றினாலும் எட்டரை மீட்டர்தான். அப்புறம் சாமி வந்து ஆடுகிறவர் கண்ணிலே பளீர் பளீரென்று அடிப்பது மரியாதையும் அல்ல.

"நடுக்கம் தடுக்கிற வசதிதான் லென்ஸிலேயே இருக்கே?" என்று சிலர் கேட்பார்கள். நிக்கானில் வி.ஆர்., கேனானில் ஐ.எஸ். நல்ல வசதிதான். ஆனால் அது நம்ம கை நடுக்கத்தை மட்டுமே தடுக்கும். கரகம் ஆடுகிறவரை நிறுத்தி வைக்காது! "செல்போன் போதாதா?" என்று கேட்போரும் உண்டு. பகலிலும், பக்கத்திலும் போதும், தாராளமாகப் போதும். ராத்திரியில் தூரத்தில் ஆடும் உருவத்துக்குப் போதாது. போனுக்குள் இருக்கும் தூரலென்ஸின் சென்சார் மிகச் சின்னது. பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் அது இருட்டைச் சமாளிக்கிறது. ஆள் அசைந்தால் அந்தச் சேர்க்கையில் கோளாறு வந்துவிடும்.

மின்னியல் மாணவி என்ற முறையில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே பழைய சோக் வைத்த டியூப் லைட்டும், மலிவான எல்.இ.டி. சரமும் ஒரு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 250-ல் ஒரு பங்கில் தொடர்ந்து நாலு படம் எடுத்தால் ஒன்று வெளிச்சமாக, ஒன்று மங்கலாக, ஒன்று மஞ்சளாக வரும். லென்ஸின் மேல் பழி போடாதீர்கள்! நின்று பேசுகிறவரை நூற்றில் ஒரு பங்கில் எடுங்கள்; அந்த ஏற்ற இறக்கம் முழுசாக ஒரு சுற்று வந்துவிடும், படம் ஒரே சீராக இருக்கும். ஆடுகிறவரை எடுக்கும்போது நாலைந்து படம் சேர்த்து எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள். 2014-ல் வந்த கேனான் 7டி இரண்டாம் வகையில் தொடங்கி, சில கேமராக்களில் இந்த மினுக்கலைக் கண்டுபிடித்துச் சமாளிக்கும் வசதியும் உண்டு.

அடுத்து, நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள்? லென்ஸ் வாங்கும் முன் யாரும் கேட்காத கேள்வி இது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது. சென்சார் அகலத்தை லென்ஸ் எண்ணால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால் படத்தில் எவ்வளவு அகலம் அடங்கும் என்று தெரிந்துவிடும். நிக்கான் கிராப் கேமராவில், 200-ல், பத்து மீட்டரில் 1.2 மீட்டர் அகலம் அடங்கும். நாடக மேடையில் வள்ளியின் முகமும் கையும் வரும். பதினைந்து மீட்டரில் கேமராவை நிறுத்திப் பிடித்தால் ஒரு ஆள் தலை முதல் கால் வரை வருவார். அதே லென்ஸை 70-க்குக் கொண்டுவந்தால் இருபது மீட்டரில் ஆறேமுக்கால் மீட்டர் அகலம்: மேடை முழுக்க! இடத்தைவிட்டு நகராமலே இரண்டும் கிடைக்கிறது. அதனால்தான் கூட்டத்துக்குள் ஜூம் வேண்டும் என்கிறேன். புழுதிக்குள் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டுவது சென்சாருக்கு ஆகாது. நம்ம கரிசல் புழுதி எதற்குள்ளும் போகும்.

அதே சமயம், வீட்டுக்குள் நடக்கும் காதுகுத்துக்கு இதே லென்ஸைத் தூக்கிக்கொண்டு போனால்? மூன்று மீட்டர் தூரத்தில் 70 மி.மீ.யில் ஒரு மீட்டர் அகலம்தான் அடங்கும். தாய்மாமன் மடியில் பிள்ளை வரும். பக்கத்தில் நிற்கும் அம்மா வரமாட்டார்! 50-ல் தொடங்கும் லென்ஸ் என்றால் 1.4 மீட்டர் அடங்கும், அம்மாவும் வருவார். 50-150, 50-135 லென்ஸ்களைக் கிராப் சென்சாருக்கென்றே செய்தது இதற்காகத்தான்.

இன்னொரு எச்சரிக்கை. பத்து மீட்டரில், 200-ல், எஃப் 2.8-ல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 28 சென்டிமீட்டர்தான். முளைப்பாரி வரிசையில் ஒருத்தி முகம் தெளிவாக இருந்தால் பின்னால் வருகிறவள் முகம் மங்கும். கேமராவுக்கு "யாருடைய முகம்" என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணில் குறி வைக்கப் பழகுங்கள்.

சரி, பகலில் படம் எடுப்பவர்களுக்கு? அவர்களுக்கு என் ஆலோசனை நேர்மாறு: இந்த லென்ஸுக்குக் காசைக் கொட்டாதீர்கள்! நமக்குக் கிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று பறவை சரணாலயங்கள் இருக்கின்றன. கருவேல மரத்துக் கண்மாய்கள்தான் அவை. 2022-ல் உலக ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. 2025-ல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. அங்கே சங்குவளை நாரையை எடுக்க வேண்டுமா? காலை வெயிலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. 200 பத்தாது, 300 வேண்டும். எஃப் 5.6, 6.3 உள்ள மலிவான 70-300 லென்ஸே போதும். ஆனால் பத்து மணிக்கு மேல் போகாதீர்கள். சூடேறிய கரிசல் தரையிலிருந்து எழும்பும் அனல் காற்று, தூரத்துப் பறவையைத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிய வைக்கும். கானல் நீர் தெரியும் நேரத்தில் இரண்டு லட்ச ரூபாய் லென்ஸும் ஒன்றுதான், இருபதாயிரம் ரூபாய் லென்ஸும் ஒன்றுதான்! எட்டு மணிக்குள் வேலையை முடிப்பவர்தான் கெட்டிக்காரர்.

இப்போது எதை வாங்குவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புதிதாக, கேமரா கம்பெனியின் சொந்த 70-200 எஃப் 2.8 என்றால் லட்சத்தைத் தாண்டும், அதை மறந்துவிடலாம். செகண்ட் ஹேண்டில்தான் நம்ம வழி. டேம்ரான் 70-200 எஃப் 2.8 வி.சி. 2012-ல் வந்தது, அதன் அடுத்த பதிப்பு 2017-ல். கேனானில் 1995-ல் வந்த நடுக்கத் தடுப்பு இல்லாத 70-200 எஃப் 2.8 இருக்கிறது, ஆடும் ஆளை எடுப்பவருக்கு அந்தத் தடுப்பு இல்லாதது பெரிய குறையல்ல. கண்ணில் பட்டால் சிக்மா 50-150. எஃப் 1.8-ல் சிக்மா 50-100 ஒன்றும் 2016-ல் வந்தது, கிராப் சென்சாருக்கென்றே! வெளிச்சத்தில் அதை மிஞ்ச ஜூம் இல்லை. ஆனால் அதுவும் ஒன்றரைக் கிலோ. தூரமும் நூறோடு நின்றுவிடும்.

நிக்கான் நண்பர்கள் உஷார்! பழைய நிக்கான் 80-200 எஃப் 2.8 மலிவாகக் கிடைக்கும், கண்ணாடி அருமையானது. ஆனால் அந்த வரிசையில் பெரும்பாலானவற்றுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருக வேண்டும். டி3000 வரிசை, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டாரே இல்லை. மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி90, டி7000 வரிசை வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. புதிய இசட் வரிசைக் கேமராவுக்கு எஃப்.டி.இசட். அடாப்டர் போட்டாலும் இந்தப் பழைய லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. கேனானில் இந்தத் தொல்லை இல்லை, இ.எஃப். லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. விற்கிறவர் சொல்லமாட்டார்; நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்டால் மட்டும் போதாது. உங்கள் கேமராவைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருக்கிறதா பாருங்கள். துளையின் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா பாருங்கள். 200-ல், 2.8-ல் வைத்து ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து எடுத்து, குறி வைத்த வரிதான் தெளிவாக விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நாம் நட்டு போல்ட்டைக்கூட மைக்ரோமீட்டர் வைத்து அளக்கும் படிப்புப் படிக்கிறவர்கள். லென்ஸை வாய் வார்த்தையை நம்பி வாங்கலாமா?

இத்தனையும் சொல்லிவிட்டு நான் சொல்லப் போவதைக் கேட்டு ஆச்சரியப்படாதீர்கள். இந்த லென்ஸை நம்மில் யாரும் தனியாக வாங்கக் கூடாது!

என் அம்மா மல்லிகைப்பூ எடுக்கப் போகிறவர். விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் பறித்து எடை போட்டுக் கொடுத்தால்தான் அன்றைய கூலி. ஒரு கிலோ பூவுக்கு எத்தனை ஆயிரம் மொட்டு கிள்ள வேண்டும் என்று கிள்ளிப் பார்த்தவருக்குத் தெரியும். என் வீட்டைப்போல் தறி ஓட்டுகிற வீடும், பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிற வீடும் உங்களில் பலருடையது. அந்தப் பணத்திலிருந்து, அல்லது அம்மாவின் தோட்டை அடகு வைத்து, அல்லது வட்டிக்கு வாங்கி, வருஷத்துக்குப் பத்து ராத்திரி மட்டும் தேவைப்படும் லென்ஸை வாங்குவது நியாயமே இல்லை. குருவி தலையில் பனங்காய் என்பார்கள். அரைக் கிலோ கேமராவில் ஒன்றரைக் கிலோ லென்ஸ் மாட்டுவதைவிட, நம்ம வீட்டு வருமானத்தில் இந்தக் கடனை மாட்டுவதுதான் அசல் பனங்காய்!

தனியாக வாங்குவதற்கு வேறொன்று இருக்கிறது: 85 மி.மீ. எஃப் 1.8. ஜூம் கிடையாது. ஆனால் எஃப் 2.8 ஜூமைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம், நம்ம 5.6 லென்ஸைவிடப் பத்து மடங்கு! எடை அரைக் கிலோவுக்கும் கீழே. விலை பெரிய ஜூமில் ஒரு சிறு பங்கு. ஏழு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம் அடங்கும். மேடைக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்கிறவருக்கு இது ஒன்றே போதும்.

பெரிய ஜூமை நம்ம மாணவர் பேரவை வாங்கட்டும். இதுதான் என் கோரிக்கை. ஆண்டுவிழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டுப் படம் எடுக்கச் செலவழிக்கிறோம். அந்தச் செலவைச் சேர்த்து வைத்தால் செகண்ட் ஹேண்ட் எஃப் 2.8 ஒன்று பொதுச்சொத்தாகக் கிடைக்காதா? முதலில் எத்தனை பேரிடம் கேனான், எத்தனை பேரிடம் நிக்கான் என்று கணக்கெடுப்போம். அதிகம் பேருக்குப் பொருந்தும் மவுண்டில் வாங்குவோம். நோட்டுப் போட்டு, கையெழுத்து வாங்கி, வரிசைப்படி கொடுப்போம். கல்யாணத்துக்கு எடுத்துச் சம்பாதிக்கிறவர் ஒரு வாடகை கட்டட்டும். அது ரிப்பேருக்கும் அடுத்த லென்ஸுக்கும் ஆகும். சொந்த ஊர் விசேஷத்துக்கு எடுக்கிறவருக்கு இலவசம். சிலிக்கா ஜெல் போட்ட டப்பா ஒன்றில் பூட்டி வைத்தால் பூஞ்சையும் அண்டாது. வாங்கும் முன் ஒருநாள் மதுரையில் வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேர் காசு போட்டுப் பரீட்சை செய்து பார்ப்போம். கட்டாயம் செய்ய வேண்டியது அது.

"கிட்டப் போய் எடுக்கத் தெரியாதவன்தான் தூர லென்ஸ் கேட்பான்" என்று சொல்வோரும் உண்டு. அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கரிமேடு மீன் மார்க்கெட்டில் மீன் வாங்கி விற்ற தாயின் மகன். 2017-ல் வெளிவந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 'பாரி' என்னும் கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக்காப்பகத்தின் புகைப்படக்காரர். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். தூய்மைப் பணியாளர்களையும், ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும், தன் தாயையும் அவர் எடுத்த படங்களில் இருக்கும் நெருக்கத்தை எந்த லென்ஸும் விலைக்குத் தராது. பழகித்தான் அதைப் பெற முடியும். நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவர் அவர் என்பதில் எனக்கு ஒரு தெம்பு.

ஆனாலும், கிட்டப் போக முடியாத இடங்கள் இருக்கின்றனவே! ஆண் நண்பர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையோரம் போய்விடுகிறீர்கள். எங்களால் முடியுமா? எங்க ஊர்ப் பொங்கலில் பொம்பளைப் பிள்ளை கேமராவோடு முன்னே போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கயிறு கட்டி, "பெண்கள் இந்தப் பக்கம்" என்று ஒதுக்கிய இடத்தில் நின்றபடிதான் நான் எடுக்க வேண்டும். அந்தக் கயிற்றுக்கும் மேடைக்கும் நடுவே இருக்கும் பதினைந்து மீட்டரை எனக்குக் கடந்து கொடுப்பது லென்ஸ்தான். கயிறு ஒருநாள் போகும், போக வேண்டும். அதுவரை படம் எடுக்காமல் இருக்க முடியுமா?

இன்னும் ஒன்று. ஊர்த் திருவிழா ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். முன்வரிசையில் நிற்கும் நன்கொடையாளர்கள், மாலை மரியாதை, மைக் பிடித்தவர். காசு கொடுத்தவர் முகம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். பின்னால் இருட்டில் நெருப்புச் சட்டி ஏந்தி வரும் பெண்கள் ஒரு மங்கலான வரிசையாகத் தெரிவார்கள். என் அப்பத்தா முப்பது வருஷத்துக்கு மேலாகச் சட்டி எடுத்தவர். அவர் சட்டி எடுத்த கோலத்தில் தெளிவான படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை; அவர்கள் வெளிச்சம் இருந்த பக்கம் கேமராவைத் திருப்பினார்கள். வெளிச்சம் காசு இருந்த பக்கம் இருந்தது.

நண்பர்களே! படிக்க வந்த முதல் தலைமுறை நாம். நம்ம ஆட்களை நம்ம கையாலேயே படம் எடுக்கப் போகும் முதல் தலைமுறையும் நாம்தான். அதற்கு வேண்டிய கருவியை அறிவோடு தேர்ந்தெடுப்போம். கடன்பட்டு வாங்காமல், கூட்டாக வாங்குவோம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை நான் எழுத்து மூலம் கொடுக்கப் போகிறேன். ஒப்புக்கொள்கிறவர்கள் உங்கள் கேமராவின் பெயரையும் மாடலையும் ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் கூட்டத்துக்கு வந்து எதிர்த்துப் பேசுங்கள். வரப்போகிற பங்குனிக்குள் ஒரு முடிவுக்கு வருவோம்!